பழைய லாரிக்குப் பெரிய ஸ்டட்

பாரம் ஏற்றிய லாரி சாலையில் விரையும்போது நம் கண்ணில் படுவன அதன் உயரமும் சக்கரங்களின் பருமையுமே. அச்சக்கரங்களை வண்டியோடு பிணைத்து நிற்பவை விரல் பருமனுள்ள சில ஆணிகள் என்பதை நாம் நினைப்பதில்லை. மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, லாரிக்கு இத்திருகாணிகள் அப்படி. பட்டறைகளில் இவற்றை ‘ஸ்டட்’ என்பர். இவை பொருத்தப்பெற்றிருக்கும் சக்கரக் குடத்தை ‘ஹப்’ என்பர். நாமும் அப்பெயர்களையே ஆள்வோம்.

பழைய லாரி வைத்திருப்போர் பலரிடம் ஓர் எண்ணம் உண்டு. முன்சக்கரத்தில் ஸ்டட் ஒன்று முறிந்ததும், “இது மெலிந்த ஆணி, ஹப்பின் துளையைப் பெரிதாக்கிப் பருத்த ஆணியை அடித்துவிட்டால் கவலை தீர்ந்தது” என்பர். இவ்வெண்ணத்தில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். அமெரிக்க வழிவந்த பழைய சிறு லாரிகள் பலவற்றில் முன்சக்கர ஸ்டட் அரை அங்குல விட்டமுடையது. அங்குலத்திற்கு 20 மரை. அதற்கு அடுத்த பெரிய அளவு 9/16 அங்குலம்; அங்குலத்திற்கு 18 மரை. மரை வெட்டியதுபோக இழுவையைத் தாங்க எஞ்சும் குறுக்குப் பரப்பு முன்னதில் ஏறத்தாழ 103 சதுர மில்லிமீட்டர். பின்னதில் ஏறத்தாழ 131. விட்டம் எட்டில் ஒரு பங்கு கூட, வலிமை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆகவே பெரிய ஸ்டட் வலியது என்பது பொய்யன்று.

ஆயின், ஸ்டட்டின் வேலை யாது? சக்கரம் ஆணியின் மேல் தொங்கிக்கொண்டு ஓடுகிறது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு இறுக அழுத்துகிறது. அழுத்திய இரு முகங்களுக்கும் இடையேயுள்ள உராய்வுதான் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் பெரும்பாலும் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் சக்கரம் ஆணியின்மேல் அசையத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆணி ஒருமுறை வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டேயிருந்தால் அது முறிகின்றதன்றோ? ஸ்டட் முறிவதும் பெரும்பாலும் அவ்வாறே. ஓர் ஆணி முறிந்ததும் அதன் சுமையை அண்டை ஆணிகள் ஏற்கின்றன. பின் அவையும் முறிகின்றன. முன்சக்கரமோ வண்டிக்கு வழிகாட்டும் சக்கரம். அது கழன்றால் டிரைவர் கையில் இருப்பது வெறும் வளையமே.

ஆதலின், துளையிடும் பொறியைத் தொடுமுன் ‘முறிந்தது ஏன்?’ என்று கேட்பது நம் முதற் கடமை. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறதா? சக்கரத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? அவை தளர்வின் அடையாளங்கள். சக்கரமும் ஹப்பும் சேரும் முகத்தில் கனத்த வர்ணப் பூச்சோ, துருச் செதிலோ, மண்ணோ இருக்கிறதா? ஓட்டத்தில் அது நொறுங்கி உதிரும். உதிர்ந்த அளவுக்குப் பிடி தளரும். பாரம் அனுமதித்த எடையைக் கடந்ததா? இவற்றுள் ஒன்று காரணமாயின், பெரிய ஸ்டட்டும் சின்னாளில் அதே வழியில் போகும்.

காரணத்தை நீக்கிய பின்னும் பெரிய ஸ்டட் தேவை என்று தேறினால், அடுத்து நோக்க வேண்டியது ஹப்பின் உடல். பெருக்கிய துளையின் நடுவிலிருந்து ஹப்பின் விளிம்புவரை, துளை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கேனும் உலோகம் இருத்தல் வேண்டும். அது இல்லையேல் ஆணியை வலுவாக்கி ஹப்பை மெலிவாக்கியவர் ஆவோம். முறிந்த ஆணியை மாற்றலாம். பிளந்த ஹப்பை என் செய்வது?

பழைய வண்டிகள் சிலவற்றில் பிரேக் டிரம்மையும் ஹப்பையும் ஒன்றாகக் கோத்திருப்பதும் இந்த ஸ்டட்டுகளே. அவற்றின் தோளைப் பொருத்தும்போதே நசுக்கி விரித்திருப்பர். அவ்விரிந்த விளிம்பை முதலில் வெட்டி நீக்காமல் சம்மட்டியால் அடித்து வெளியேற்றினால், போகும் ஆணி துளையையும் கிழித்துக்கொண்டு போகும்.

துளையைப் பெருக்குவது கையில் பிடித்து ஓட்டும் டிரில்லுக்கு உரிய வேலையன்று. ஹப்பைப் பொறியின் மேசையில் அசையாது பூட்டி, பழைய துளையின் நடுவையே நடுவாகக் கொண்டு, ரீமரால் முடித்தல் வேண்டும். ஒரு துளை சற்றே விலகினும் சக்கரம் நேராக உட்காராது. ஸ்டட்டின் கழுத்தில் நெடுக ஓடும் பல்வரிகள் துளையைக் கவ்விக்கொண்டால்தான் நட்டைத் திருகும்போது ஆணி உடன் சுழலாது. அதற்காகத் துளை அப்பல்வரி விட்டத்தைவிடச் சிறிதாக, பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்கு குறைவாக இருக்கும். சரியான அளவை ஸ்டட் செய்தவர் தரும் அளவுத்தாளில் கண்டுகொள்க. அழுத்து பொறியால் நேராக அழுத்தி இறக்குவதே முறை. பொருந்தாத ஆணியை வெல்டிங் வைத்து நிறுத்துவது பெருந்தீங்கு. பதப்படுத்திய எஃகு அவ்வெப்பத்தில் தன் பதத்தை இழந்துவிடும்.

எஃகின் தரமும் இங்கே எண்ணத்தக்கது. ஆணியில் 10.9 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் இழுவை வலிமையுடையது என்று பொருள். லேத்தில் கடைந்த சாதாரண மெல்லிரும்பு அதில் பாதியும் தாங்காது. பருமனைக் கண்டு மயங்கலாகாது.

இனி சக்கரமும் நட்டும். நட்டின் கூம்பு முகம் சக்கரத் துளையின் கூம்புப் பள்ளத்தில் அமர்ந்தே சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது. பெரிய ஆணி நுழைவதற்காக அத்துளையை அராவிப் பெரிதாக்கினால் நட்டின் இருக்கையே அழிந்துவிடும். எனவே பெரிய ஸ்டட்டுக்கேற்ற துளையும் இருக்கையும் உடைய சக்கரங்கள் வேண்டும். மாற்றுச் சக்கரமாகிய ஸ்டெப்னியை மறக்கலாகாது. நள்ளிரவில் டயர் வெடித்த இடத்தில், ஸ்டெப்னி முன் ஹப்பில் நுழையவில்லை என்று அறிவதால் பயன் என்ன?

அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலப்பதோ மறைந்திருந்து கொல்லும் பகை. 1954ஆம் ஆண்டு டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் உடன்படிக்கை செய்துகொண்ட பின் மில்லிமீட்டர் மரை நம் லாரிகளில் பெருகியது. 1958ஆம் ஆண்டு தொடங்கி மெட்ரிக் அளவு நாடெங்கும் வந்தது. இன்று கடைகளில் எளிதில் கிடைப்பது 14 மில்லிமீட்டர் ஆணி. 9/16 அங்குலம் என்பது 14.3 மில்லிமீட்டர். வேறுபாடு இம்மியளவே. அங்குல நட் 14 மில்லிமீட்டர் ஆணியில் தளர்வாக ஏறிவிடும். முடுக்கினால் பிடித்தது போலவும் தோன்றும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பாரம் வந்த நாளில் அவை வழித்துக்கொண்டு போகும்.

மற்றொன்று, பழைய வண்டிகள் பலவற்றில் இடப்பக்கத்து ஸ்டட்டுகள் இடமரை உடையவை. அவற்றின் நுனியில் ஆங்கில ‘எல்’ எழுத்தைக் காணலாம். இதை அறியாத கிளீனர் ஸ்பேனரின்மேல் ஏறி நின்று மிதித்தால், கழல வேண்டிய நட் மேலும் இறுகி ஆணி முறியும். ஒரே ஹப்பில் இருவகையையும் கலவாமல், மாற்றினால் அனைத்தையும் ஒருசேர மாற்றி, எம்மரை என்பதை ஹப்பின் அருகே எழுதி வைத்தல் நன்று.

இறுதியாக, முடுக்குதல். நாம் செலுத்தும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. எஞ்சிய ஒரு பங்கே ஆணியை நீட்டிப் பிடியாகிறது. துருப்பிடித்த மரையில் அந்த ஒரு பங்கும் குறைந்துவிடும். ஆகவே மரையைத் தூய்மை செய்து, நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். அளவு புதிய ஸ்டட்டுக்கும் சக்கரத்துக்கும் உரியதாக இருக்க வேண்டும். பழைய கையேட்டின் எண் இனிப் பொருந்தாது. நட் முழுதும் இறங்கிய பின், ஆணியின் விட்டத்துக்குக் குறையாத நீளம் மரை பிடித்திருக்க வேண்டும். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நிறுத்தி மீண்டும் சரிபார்க்க வேண்டும். புதிய முகங்கள் ஒன்றோடொன்று படிந்ததும் பிடி சிறிது தளர்வது இயல்பு.

இவ்வளவும் செய்ய இயலுமாயின் பெரிய ஸ்டட் நன்மையே தரும். ஹப்பில் உலோகம் போதாதெனில், பெரிய ஸ்டட்டோடு வந்த நல்ல ஹப்பையே சக்கரத்தோடு தேடிப் பொருத்துதல் மேல். அதுவும் கிட்டாதெனில், பழைய அளவிலேயே தரமான புதிய ஆணிகளை இட்டுப் பாரத்தைக் குறைத்து ஓட்டுவது அறிவுடைமை. பட்டறைச் செலவில் மிச்சம் பிடிப்பவர் உரிமையாளர். மிச்சம் பிடித்த ஆணி முறிந்தால் விலை கொடுப்பவரோ டிரைவரும் கிளீனரும், ஓரத்தில் நடந்துபோகும் பேர் தெரியாத மனிதரும் ஆவர். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அம்மூவரையும் நினைத்துக்கொள்வது நலம்.