வேர்க்காத பிள்ளையும் கோழிக்கருவும்
(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, அறுக்காமப் பேசு" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். விலங்கியல் வாத்தியார் வேறு எதைப் பேசுவான்? நம் லேபில் ரெக்கார்டு நோட்டில் வரைந்தோமே, 33 மணி, 48 மணி, 72 மணி கோழிக்கரு, அதைப் பற்றித்தான். மார்க்குக்காக வரைந்தோம், அது எதற்கு உதவும் என்று நாமும் கேட்கவில்லை.

1982 கோடை. அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் தெருவில் மூன்று வயசுப் பையன் ஒருவன். அக்கினி நட்சத்திர வெயிலில் உடம்பு கொதிக்கும். ஒரு பொட்டு வேர்வை வராது. நாக்கும் விரல் நுனிகளும் அவனே கடித்த புண். ஒரு நாள் காய்ந்த தோசைக்கல்லில் கையை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். தாயே சூடு போடுகிறாள் என்று ஊரில் பேச்சு. நானும் ஒரு நாள், "ஏனுங்க, பெத்த பிள்ளைய இப்படிப் பண்ணலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் ஈரத்துணி சுற்றினார். அடுத்த கோடையை அவன் தாண்டவில்லை.

இங்கிருந்து நாற்பது வருஷம் பின்னால், இத்தாலிக்குப் போக வேண்டும். ரீட்டா லெவி மோன்டால்சினி என்ற யூத மருத்துவர். முசோலினியின் 1938-ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. டூரின் நகரில் தன் படுக்கை அறையையே லேப் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தி. ஆராய்ச்சிப் பொருள் கோழிமுட்டை. இங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கும் நாமக்கல் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்!

போருக்குப் பின் 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசுக்கு, விக்டர் ஹாம்பர்கரிடம் போனார். எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால் பரிவு நரம்புத் திரள்கள் பெருத்துப் போயின. கட்டியிலிருந்து ஏதோ சுரக்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1952-ல் அந்த எலிகளை விமானத்தில் எடுத்துக்கொண்டு பிரேசில் போய், கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார். கட்டியின் பக்கத்தில் வைத்த நரம்புத் திரளைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி இழைகள் கிளம்பின. பிறகு ஸ்டான்லி கோஹன் அதைப் பிரித்தெடுத்தார். சோதனைக்காகச் சேர்த்த பாம்பு விஷத்திலேயே அது பன்மடங்கு இருந்தது வேடிக்கை. ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கிடைத்தது. இதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹாம்பர்கரை விட்டது சரியில்லை என்பது என் கட்சி.

பரிவு நரம்பு எது? வைவா நடக்கும்போது நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், அதைச் செய்வதுதான். கருவில் இந்தச் செல்கள் முதுகுப் பக்கமிருந்து நகர்ந்து, பெருந்தமனி அருகே வந்து சேரும். தமனி தரும் சில காரணிகள் "நீ பரிவு நரம்பு" என்று அடையாளம் கொடுக்கும். பிறகு இழை நீட்டி இதயம், இரத்தக்குழாய், வேர்வைச் சுரப்பி என்று போகும். அங்கேதான் ரேஷன் கடை. போய்ச் சேரும் இடம் வளர்ச்சிக் காரணியைக் கொஞ்சமாகத்தான் சுரக்கும். நுனியில் வாங்கி, இழை வழியாகத் தாய்ச்செல்லுக்குக் கொண்டுபோன செல் பிழைக்கும். கிடைக்காத செல் தானே மடியும். நிறையச் செல்கள் மடிவது இயற்கையிலேயே உண்டு. 1960 வாக்கில், பிறந்த சுண்டெலிக்கு இந்தக் காரணியை முறிக்கும் சீரத்தைப் போட்டார்கள். எலி பிழைத்தது, பரிவு நரம்புத் திரள்கள் ஏறக்குறைய அழிந்தே போயின.

அத்தோடு முடியவில்லை. வேர்வைச் சுரப்பியை அடைந்த நரம்பு, தான் சுரந்துகொண்டிருந்த நார்அட்ரினலினை விட்டுவிட்டு அசிட்டைல்கோலினுக்கு மாறுகிறது. அப்படி மாறச் சொல்வது சுரப்பிதான்! மாமியார் வீட்டுச் சமையலைப் பழகிக்கொண்ட மருமகள் மாதிரி.

வலியை உணரும் நரம்புகளும் கருவில் இதே காரணியைத்தான் நம்பியிருக்கின்றன. 1996-ல் ஜப்பானில் யசுஹிரோ இந்தோ குழுவினர், வலியும் தெரியாமல் வேர்வையும் வராமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காரணியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் ஜீனில் பழுது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரேஷன் வந்தும் வாங்கக் கை இல்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் நோய். அதனால் சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். அந்த அம்மா கட்டியது தாய்மாமனை.

இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். புத்தகம் கையை விட்டு நழுவிவிட்டது. அந்தப் பையனுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் அடையாளம் அத்தனையும் அதுதான். இந்த நோய்க்கு இன்றும் முழுத் தீர்வு கிடையாது. உடம்பைக் குளிர்ச்சியாக வைப்பதும் காயம் படாமல் காப்பதும்தான் வழி. ஈரத்துணி சுற்றிய அந்த அம்மா, படித்த என்னைவிடச் சரியாகச் செய்திருக்கிறார்.

போன வருஷம் கோதண்டராமர் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். எழுபதை நெருங்கும் வயசு. எனக்குத் தெரிந்தவரை விளக்கிச் சொன்னேன். நரம்பு, காரணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப நான் சூடு போடலீன்னு இப்பத் தெரியுதுங்களா வாத்தியாரே?"

"தெரியுதுங்க" என்றேன்.