கூப்பிட்டது யார்?

நடுவர் அவர்களே, இராஜபாளையத்துப் பெருமக்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் திருவில்லிபுத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற அன்பர்களே, வணக்கம்.

எதிரணியில் பேசிய அம்மா ஒரு போடு போட்டார்கள். 'துணை என்றால் உறவுதான். உலகப் போரில் பள்ளிக்கூடப் பையன்கள், கூட்டாளி போகிறான் என்று கூடவே போய்ச் செத்தார்களே, அது நட்பு கொடுத்த பரிசு' என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

இங்கிலாந்தில் அக்ரிங்டன் என்று ஒரு ஊர். நம்ம இராஜபாளையம் மாதிரி பஞ்சாலை ஊர். 1914-இல் முதல் உலகப் போர் வந்தது. படைக்கு ஆள் வேண்டும். ஒருத்தனைத் தனியாகக் கூப்பிட்டால் யோசிப்பான் இல்லையா? அதனால் அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. சிநேகிதர்களாகச் சேர்ந்து வாருங்கள், ஒரே படையில் வைத்துக்கொள்கிறோம் என்றது. பத்தே நாளில் ஏறத்தாழ ஆயிரம் பேர்! அக்ரிங்டன்காரன் மட்டுமில்லை, பக்கத்து ஊர் சோர்லி, பர்ன்லி பையன்களும் உண்டு. நம்ம கணக்கில் சொன்னால், இங்கே மில்லுக்குப் போகிற பையனும் அங்கே ஆண்டாள் கோயில் ரதவீதிப் பையனும் ஒரே பட்டாளம். இந்த இரண்டு ஊரும் ஒன்றாக ஒரு காரியம் செய்தால் அதுவே பெரிய செய்திதான்! (சிரிப்பு)

1916 ஜூலை 1. பிரான்சில் சோம் போர். செர் என்ற கிராமத்துக்கு எதிரே, காலை நேரத்தில், சுமார் 720 பேர் பதுங்குகுழியை விட்டு மேலே ஏறினார்கள். அரை மணி நேரம் ஐயா, அரை மணி நேரம். 584 பேர் செத்தும், காயம்பட்டும், காணாமலும் போனார்கள். ஊருக்கு ஒழுங்கான சேதி வரவில்லை. பெண்கள் மேயர் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்களாம். ஒரே தெருவில் எத்தனை வீட்டில் இழவு! சேர்ந்து போனதால் சேர்ந்து விழுந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கூப்பிட்டது யார்?

ஜெர்மன் பக்கம் போவோம். பதினெட்டு வயதில் படைக்கு இழுக்கப்பட்ட ரிமார்க்கின் நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு வகுப்பே போருக்குப் போகிறது. அனுப்பியது யார்? வாத்தியார்! எங்கள் ஜாதிதான், என்ன செய்ய? ஒரு பையன் தயங்குகிறான். போகாதவனைப் பெற்றவர்களே கோழை என்று சொல்லத் தயாராக இருந்த காலம். அவனும் போகிறான். முதலில் செத்தவர்களில் அவன் ஒருவன். அம்மா, உங்கள் உறவு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

அதே நாவலில் ஒருத்தனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். சாகக் கிடக்கிறான். அவனுடைய பூட்ஸ் மேல் இன்னொரு தோழனுக்குக் கண். கேட்கவே நமக்குக் கூசுகிறது. ஆனால் அவனுக்கு இனிமேல் காலில்லை, இவன் நாளைக்கும் சேற்றில் நடக்க வேண்டும். இவனும் சாகிறான். பூட்ஸ் அடுத்த தோழன் காலுக்கு வருகிறது. வகுப்புத் தோழர்களுக்குள் நோட்டுப் புத்தகம் கைமாறலாம், பேனா கைமாறலாம். பூட்ஸ் கைமாற வைத்தது நட்பா?

நம்ம ஊர்ப் பக்கம் வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர். அதில் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றுகிற வேலை. ஒரு வெடி வெடிக்கப் போகிறது. சில விநாடிதான் அவகாசம். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவன் மாமனா மச்சானா என்று வம்சாவளி விசாரிக்க முடியுமா? வெடியின் மேலேயே விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது வந்தது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

எதிரணி அம்மா இதற்கு எந்த உறவின் பெயரை வைப்பார்கள் என்று கேட்க ஆசை. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.