அளவுகோலின் முன் ஒரு சிறுவன்



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களுக்குக் கோடை விடுமுறையில் ஊரிலிருந்து குழந்தைகள் வருவது வழக்கம். வந்தவர்களைப் பெங்களூரில் உள்ளோர் பிடதிக்கு அருகிலுள்ள வொண்டர்லாவிற்கும், மும்பையில் உள்ளோர் கோப்போலிப் பக்கத்து இமேஜிகாவிற்கும் அழைத்துச் செல்கின்றனர். இத்தகைய பூங்காக்களில் பெரிய ராட்டினங்களின் வாயிலில் ஓர் அளவுகோல் நிற்கும். வேகம் மிகுந்தவற்றிற்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள விதி.

சென்ற ஆண்டு என் தங்கை மகன் சேலத்திலிருந்து வந்திருந்தான். வயது பத்து. ஒரு பூங்காவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். அவன் உயரம் 138. காவலர் கூறியது கன்னடம்; ஆயினும் மொழிபெயர்க்கத் தேவையின்றிச் சிறுவனின் முகம் வாடிற்று. அவனைவிட ஆறு மாதம் இளையவளான என் மகளோ அளவைத் தாண்டி உள்ளே சென்றாள். பெண் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டாண்டு முன்னதாகவே விரைந்து வளரத் தொடங்குகின்றனர் என்பதை அவனிடம் அப்போது சொல்லி என்ன பயன்?

நானும் குற்றமற்றவன் அல்லன். அங்கே சிறுவர் கட்டணம் உயரத்தைப் பொறுத்தது. ஆதலால் காலையில் சீட்டு வாங்குமிடத்தில், "சற்றுக் குனிந்து நில்லடா" என்றவன் நானே. பிற்பகலில், "நுனிக்காலில் நில்" என்று அவன் காதில் ஓதியவனும் நானே.

வயதை விட்டு உயரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இருக்கையின் தோள்கம்பியும் மடிக்கம்பியும் குறிப்பிட்ட உடலளவிற்கென்றே அமைக்கப்பட்டவை. உடல் சிறியதாயின், வண்டி புரளும்போதும் திடீரென நிற்கும்போதும் கம்பிக்கு அடியில் நழுவிவிடக்கூடும். காலணிக்குள் காகிதம் திணித்து அளவுகோலை ஏமாற்றலாம். கம்பியை ஏமாற்ற இயலாது.

ஆகவே முதல் நாளே வீட்டில் அளந்துவிடுங்கள். காலணியின்றிக் குதிகால் சுவரில் படிய நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடிடுங்கள். மாலையில் அளப்பது நலம்; பகலெல்லாம் நடமாடுவதால் முதுகெலும்பு சற்றே அமுங்கி, உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். பின்னர், எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்பதைப் பூங்காவின் விதிகளைப் பார்த்துப் பிள்ளையிடம் கூறிவிடுங்கள். அழுகை இருப்பின் வீட்டிலேயே முடிந்துவிடும். ஏற முடியாத பிள்ளையுடன் பெரியவர் ஒருவர் கீழே தங்குவதும் அவசியம்.

இவ்வாண்டு அவன் மீண்டும் வந்தான். பெட்டியைக் கீழே வைக்குமுன் எங்கள் சமையலறைக் கதவருகே போய் நின்று, "மாமா, புத்தகத்தை எடுத்து வாருங்கள்" என்றான். 143.