மக்கள் மொழியில் மலர்ந்த மறவர் கதை



'உரோமான்சு' என்றதும் பலரும் காதலையே நினைப்பர். அச்சொல்லின் முதற்பொருளோ மொழி! பிரெஞ்சு நாட்டில் கற்றோர் எழுதியது இலத்தீன். மக்கள் பேசியது 'உரோமான்சு'. அம்மொழியில் எழுந்த கதைகளுக்கும் அப்பெயரே நிலைத்தது.

12ஆம் நூற்றாண்டுப் புலவர் கிரெத்தியான், உரோமப் பாவலர் ஓவிதின் நூல்களை மொழிபெயர்த்த இலத்தீன் வல்லுநர். எனினும், குதிரை மறவரின் வீரத்தையும் காதலையும் மக்கள் மொழியிலேயே எட்டசை அடிகளாற் பாடினார். சாம்பாஞ் நாட்டுப் பெருமாட்டி மரி கருப்பொருள் தர, அவர் பாடியது 'வண்டி மறவன்' கதை. கவர்ந்து செல்லப்பட்ட அரசியைத் தேடிச் செல்லும் இலான்சுலோ, குற்றவாளிகளை ஏற்றும் இழிவண்டியில் ஏற இரண்டடி தயங்குகிறான். உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட அவனை, அத்தயக்கத்துக்காகவே அரசி முகங்கொடாமல் ஒதுக்குகிறாள்.

காதலில் இரண்டடித் தயக்கமே இழுக்காயின், தாய்மொழிப் பற்றில்?

கிரெத்தியான் தயங்கவில்லை. அவரனையோர் வளர்த்த மொழியை 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னனின் ஆணை, 'தாய்மொழியாம் பிரெஞ்சு' என்றே குறித்து, முறைமன்ற ஆவண மொழியாக்கிற்று. புலவர் முன்சென்றனர், அரியணை பின்வந்தது.

அவையோரே, நாம் எத்தனை அடி தயங்கி நிற்கின்றோம்?