பேர் ரெண்டு, குளவி ஒண்டு



எழுவான்கரைத் தென்னைகளிலே கருந்தலைப் புழு விழுந்தா ஓலை கருகின மாதிரிக் காஞ்சு போகும். அந்தப் புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டையிட்டு, குஞ்சுகளுக்குக் காவலும் இருக்கிற சின்னக் கறுப்புக் குளவி ஒன்று உண்டு.

நம்ம ஊரிலே குடிக்குள்ளே வயிற்றுவார் பிரிக்கிறது போல, அறிஞர்கள் குளவிகளைச் சாதி, உட்சாதி என்று பிரிக்கிறார்கள். 1934இல் அமெரிக்க அறிஞர் மியூஸ்பெக் இதற்குப் 'பெரிசியரோலா' என்ற சாதிப் பேரைக் கொடுத்தார். பிறகு 'கோனியோசஸ்' சாதியிலே சேர்த்தார்கள். முன்சிறகிலே உள்ள சின்னக் கட்டம் மூடியிருக்கா என்பதே அந்தப் பிரிவினையின் அடையாளம்.

ஆகவே, ரெண்டு பேரைக் கண்டு ரெண்டு குளவி என்று மயங்க வேண்டாம். கண்டபடி நஞ்சடிச்சா புழுவோட காவல்காரனும் சாகும். அடிக்கமுன் ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்க, எங்களுக்கும் சொல்லுங்க.