மனப் புண்ணுக்கு மருந்து எங்கே?

(கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே!

சம்பள நாளில் வீடு வந்து சேராத கூலியைப் பற்றி இங்கே தாய்மார்கள் குமுறினார்கள். "இவன் திருந்தவே மாட்டானா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதோடு இன்னொன்றும் கேட்போம்: அவன் ஏன் குடிக்கிறான்?

இரும்பு உருட்டாலையின் அனலில் நாளெல்லாம் நிற்கிறவன் உடல் வலிக்குக் குடிக்கிறான். நாளை வேலை உண்டா என்று தெரியாத காண்டிராக்ட் தொழிலாளி அச்சத்துக்குக் குடிக்கிறான். செங்கல் சூளையில் முன்பணக் கடனில் சிக்கியவன் அவமானத்தை மறக்கக் குடிக்கிறான். ஒடிசாவிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் முடங்கியவன் தனிமைக்குக் குடிக்கிறான். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 1845-ல் வெளிவந்த நூலில் ஏங்கெல்சும் இதைத்தான் கண்டு சொன்னார்.

துயரத்தில் தொடங்கும் குடி நாளடைவில் நோயாகிவிடுகிறது. அப்புறம் சத்தியமும் அபராதமும் அடி உதையும் அதைத் தீர்க்காது. ஆண்டுக்கணக்கில் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும்; வலிப்பு வரும்; சித்தம் கலங்கும்; உயிரும் போகலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அவனுக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலக்காதீர்கள், அது ஆபத்து.

மருந்து நடுக்கத்தைப் போக்கும். கடனையும் அவமானத்தையும் யார் போக்குவது? குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே மருந்தோடு மன ஆலோசனையும் உண்டு. குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி கிராமத்தில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டும் சிகிச்சை தந்தார்கள். ஊரும் உறவும் துணை நின்றால் நோயாளி எழுந்து நிற்பான் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

நம் சங்கமும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு பட்டறையிலும் இரண்டு தோழர்கள் பொறுப்பேற்கட்டும். மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். சம்பள நாள் மாலையில் அவனைத் தனியே விடாதிருக்கட்டும். மீண்டும் சறுக்கி விழுந்தால் ஏளனம் செய்யாமல் தூக்கிவிடட்டும். அதற்காக மனைவி அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் 181 என்ற எண்ணை அழைக்கலாம். மனத்துயரைச் சொல்லி யோசனை கேட்க எவரும் 14416-ஐ அழைக்கலாம்.

தோழர்களே! 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறைக் கடையும் நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களின் துயரத்தைக் கேட்க யார் இருந்தார்கள்?

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோயாகவே ஏற்கிறது; அரசு சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. ஆகவே திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் இதற்கெனப் போதிய படுக்கைகளும் ஆலோசகர்களும் வேண்டும்! மருத்துவர் சான்றளித்த நோய்க்கு ஈ.எஸ்.ஐ. தரும் 70 சதவீத நோய்க்கால உதவி இவர்களுக்கும் கிடைக்க வேண்டும்! சிகிச்சைக்குப் போனவனின் வேலை பறிபோகக் கூடாது!

கூலிக்காகச் சேர்ந்து போராடுகிற நாம், குடியில் வீழ்ந்த தோழனையும் சேர்ந்தே மீட்போம்!