கூப்பிட்டால் கேட்கும் மணி

(முதியோர் நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வாக்கர், சக்கர நாற்காலி கேட்டு மனு வந்துகொண்டிருந்த நம் அலுவலகத்துக்கு இப்போது “கையில கட்டிக்கிற பெல் கிடைக்குமா?” என்று கேட்டும் வருகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். ஆண்கள் விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்கு மலையேறிவிடுகிறார்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். வீட்டில் அத்தாவும், அவரைப் பார்த்துக்கொள்கிற மருமகளும்தான். அடுப்படியில் குக்கர் சத்தம், முன்னறையில் டிவி சத்தம். அத்தா கூப்பிட்டது யாருக்கும் கேட்பதில்லை.

விழுந்தவர் எழ முடியாமல் தரையில் மணிக்கணக்கில் கிடந்தால், எலும்பு முறியாவிட்டாலும் ஆபத்துதான். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். பக்கவாதத்துக்கு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடியிலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற நேரமும், அங்கே ஸ்கேன் எடுக்கிற நேரமும் அதற்குள்தான் அடக்கம். குரங்கணியிலிருந்தோ போடிமெட்டு வளைவுகளிலிருந்தோ இறங்கி வருகிறவர்கள் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சாமான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு பெட்டியில் மணி அடிப்பது. வாசல் காலிங் பெல் மாதிரிதான். சிம்மும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். மற்றொன்று, சிம் போட்ட எஸ்ஓஎஸ் கடிகாரம். அழுத்தினால் மகனுடைய போனுக்கு அழைப்பு போகும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்புவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். துபாயில் போன் அடித்து என்ன செய்ய? அங்கிருந்து அவர் இங்கே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் வந்து கதவைத் தட்ட வேண்டும். முதலில் அடிக்க வேண்டியது பத்தடி தூரத்தில் இருப்பவருக்கு. அதனால் ஆள் இருக்கும் வீட்டுக்கு முதல் வகையே போதும் என்பது என் கருத்து. விலையும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். பெரியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கே சிம் கடிகாரம் வேண்டும். அதிலும் பார்த்து வாங்குங்கள். மலிவான கடிகாரங்கள் பல 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் கடிகாரம் வெறும் கடிகாரம்தான். மலைச்சரிவில் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. தோட்ட வீட்டில் நின்று சோதித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

விழுந்தால் தானாகவே அழைக்கும் கடிகாரங்களும் இருக்கின்றன. ஆப்பிள் கடிகாரத்தில் இந்த வசதி 2018இல் வந்தது. ஆனால் நம் பெரியவர்கள் பலரும் தொப்பென்று விழுவதில்லை. சுவரைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை இயந்திரம் விழுந்ததாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அதோடு, அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். சார்ஜில் கிடக்கும் நேரத்தில் அது கையில் இருக்காது.

எங்கே அணிவது? கழுத்தில் தொங்கவிடுவது சுலபம். ஆனால் சுஜூதுக்குக் குனியும்போது தரையில் பட்டு அழுத்தி மணி அடித்துவிடும். கயிறு கட்டில் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ள கயிறுதான் வேண்டும். ஒரு பெரியவர் “தாயத்து மாதிரி இருக்கு, வேண்டாம்” என்று கழற்றிப் போட்டுவிட்டார். இது பேட்டரி போட்ட பொத்தான் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று! கையில் கட்டுவதானால் ஒளுச் செய்யும்போது பட்டைக்கு அடியிலும் தண்ணீர் பட வேண்டும். நகர்த்தக்கூடிய தளர்வான பட்டையாகப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையில் கட்டிவிடுகிறார்கள். அதை எந்தக் கையால் அழுத்துவார்? வராத கையில் கட்டினால் நல்ல கை அழுத்தும்.

தண்ணீர் விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வழுக்குவது குளியலறையில், அதுவும் தஹஜ்ஜுத், சுபுஹு நேரத்தில் ஒளுவுக்கு எழும்போது. “நனைஞ்சிடும்” என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனால் வாங்கியதே வீண். ஐபி67 என்று அட்டையில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அப்படிப் போடாததை வாங்க வேண்டாம். கழிவறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் இன்னொரு பொத்தானை ஒட்டிவையுங்கள்; விழுந்து கிடப்பவருக்கு எட்ட வேண்டுமே.

அட்டையில் 150 மீட்டர் என்று போட்டிருப்பது திறந்தவெளிக் கணக்கு. நம் பழைய கல் கட்டட வீட்டில் இரண்டு சுவரும் ஓர் இரும்புக் கதவும் தாண்டினாலே ஓசை வராமல் போகலாம். மாடிக்கும் கொல்லைக்கும் போய் அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் பிளக்கில் சொருகும் பெட்டி ஊமையாகிவிடும். அங்கே பேட்டரியில் ஓடும் பெட்டி வாங்குங்கள். பக்கத்து வீட்டு பெல்லுக்கு உங்கள் பெட்டி அடித்தால், பொத்தானையும் பெட்டியையும் மறுபடி இணைத்து வேறு குறியீடு வைத்துக்கொள்ள வழி உண்டு.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இது உதவாது. பொத்தான் எதற்கு என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. கட்டிலை விட்டுக் கால் வைத்ததும் மணி அடிக்கும் மிதி விரிப்பு அவர்களுக்குச் சரி.

பார்த்துக்கொள்ளும் மருமகள்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தலையணை சரிந்ததற்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் நாற்பது தடவை அடித்தால், நாற்பத்தோராவது தடவை அவர் மெதுவாகத்தான் எழுந்து வருவார். ஒரு தடவை அழுத்தினால் ‘முடியும்போது வா’, விடாமல் அழுத்தினால் ‘உடனே வா’ என்று வீட்டுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பெட்டி அவர் தலைமாட்டில் இருக்கட்டும். வாரத்தில் ஓரிரவாவது அது மகனுடைய தலைமாட்டுக்கு மாறட்டும்.

வீட்டில் ஆளே இல்லாத நேரத்துக்கு போனும் பக்கத்தில் இருக்க வேண்டும். 2017 முதல் விற்கும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிப்பதுதான் அந்த ஏற்பாடு; 112க்கு அழைப்பு போகும். உங்கள் போனில் எது என்று இன்றே பார்த்து, அத்தாவுக்கும் காட்டுங்கள். ஆம்புலன்சுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567.

நம் அலுவலகத்தில் இரண்டு செட் மணி இருக்கிறது. அஸருக்குப் பிறகு வந்து எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் அதே மாதிரி வாங்கிக்கொள்ளலாம். முடியாதவர்களுக்கு நாங்கள் வாங்கித் தருகிறோம். பேட்டரி மட்டும் உங்கள் பொறுப்பு.